தூளிக் கயிற்றில் சுருக்குப்பை

1973 அக்டோபர் 10, புதன்கிழமை. தஞ்சாவூர் மாவட்டம் நன்னிலம் வட்டத்தில், கீழப்புங்கஞ்சேரி ஆற்றுப்பாலத்தின் மேல் காலையிலிருந்து விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு மறியலில் உட்கார்ந்திருந்தார்கள். கும்பகோணம் போகிற பேருந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தப்பட்டிருந்தது.

பாலத்துக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி, தன் புருஷன் வைரக்கண்ணு குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் ஞானாம்பாள் முழங்கால் சேற்றில் நின்று நட்டுக்கொண்டிருந்தாள். பண்ணை வயலில் யாரும் இறங்கக் கூடாது, குத்தகைக்காரர் வயலில் நடலாம் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. அதனால் எல்லையம்மாளும் அவளோடு நடவுக்கு வரும் பெண்களும் விடிந்தும் விடியாமலும் வந்து இறங்கிவிட்டார்கள். மற்ற வருஷங்களில் ஞானாம்பாள் கஞ்சி கொண்டுவருவாள், கட்டுக் கட்டாக நாற்று முடியை எடுத்துப் போடுவாள், சற்று நேரம் நட்டுவிட்டுக் கரையேறிவிடுவாள். இந்த வருஷம் அப்படி முடியாது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்தது. சொந்த உடம்பால் பாடுபடுகிறவனுக்குத்தான் பதிவு. வைரக்கண்ணு ஆள் வைத்து நடுகிறான், வீட்டு மனிதர்கள் யாரும் சேற்றில் கால் வைப்பதில்லை என்று மிராசுதார் தரப்பில் ஆட்சேபம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு நன்னிலத்தில் விசாரணை. வைரக்கண்ணு கோழி கூவும் முன்பே நடந்து கிளம்பியிருந்தான். மிராசுதாரின் காரியஸ்தர் அமிர்தலிங்கம் எந்த நேரமும் வயல் பார்க்க வரலாம், அவர் வரும்போது நீ சேற்றில் நிற்க வேண்டும், என்ன ஆனாலும் கரையேறாதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

நிற்பதற்குத்தான் அவளிடம் தெம்பு இல்லை. மகள் கமலவல்லி பிறந்தபோது போன ரத்தம் திரும்புவதற்குள் இன்னொன்று வயிற்றில் தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வாசற்படி ஏறினாலே நெஞ்சு படபடத்தது. நகம் வெளுத்தது. பச்சரிசியைக் கண்டால் கை தானாகப் போய் அள்ளி வாயில் போட்டது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ஹபீபுன்னிசா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் என்று சொல்ல உள்ளே ஒன்றும் இல்லையே என்று வருத்தப்பட்டாள். ஒரு மாதத்துக்கான இரும்புச் சத்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். சிவப்பு மாத்திரை, மேலே சர்க்கரைப் பூச்சு.

கொடுக்கும்போதே எல்லாம் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றைப் பிரட்டாது. காபி, டீயோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால் நல்லது. வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும், பயப்படக் கூடாது. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஞானாம்பாள் முதலில் இதில் ஒன்றைத்தான் மீறினாள். நடவுக்கு நாள் நெருங்குகிறது, உடம்பு தேறவில்லை என்ற பதற்றத்தில் ஒரு நாள் மூன்று மாத்திரையைச் சேர்த்து விழுங்கினாள். வயிறு முறுக்கி, பின்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நர்ஸிடம் போய்ச் சொன்னபோது அவள் கோபித்துக்கொண்டாள்.

"மூணு முழுங்கினா மூணு மடங்கு ரத்தம் ஊறுமாம்மா? சோறு வேகறதுக்கு ஒரு நேரம் இருக்குல்ல, அந்த மாதிரிதான். அவசரப்பட்டா அடிபிடிக்கும்."

அன்றிலிருந்து ஒழுங்காக ஒன்றுதான். பொட்டலம் அடுப்புக்கு மேலே உறியில், சட்டிக்குள். கமலவல்லிக்கு ஒன்றரை வயது. நின்று பிடித்து நடக்கிற பருவம். அவள் கை உறிக்கு எட்டாது.

நடவு நாளில் மட்டும் கணக்கு மாறியது. காலையில் நடவுக்காரர்களுக்கு வாங்கி வரும் டீயில்தான் அவளுக்கும் அன்றைய தெம்பு. டீ குடித்த வயிற்றில் மாத்திரை கூடாது. அதனால் மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பொட்டலத்தை அப்படியே எடுத்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். அதில் வெற்றிலையும் பாக்கும் கூட இருந்தன. நடவுக்கு இறங்குகிற பெண்கள் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொள்வதில்லை. குனிந்து நடும்போது சேற்றுத் தண்ணீர் இடுப்பு வரை நனைக்கும், உள்ளே இருப்பது ஊறிப்போகும். வரப்பில் நிற்கும் பூவரச மரத்தில் பிள்ளைக்குத் தூளி கட்டினால், பைகளையெல்லாம் தூளிக் கயிற்றில் மாட்டிவிடுவது வழக்கம். காற்று கறுப்பு அண்டாமலிருக்க அதே கயிற்றில் ஒரு கருக்கரிவாளையும் செருகுவார்கள். அன்றும் அப்படித்தான் செய்தார்கள்.

வெயில் ஏறியபோது கமலவல்லி அழுதாள். ஞானாம்பாளுக்குக் கேட்டது. நிமிர்ந்தால் கண் இருட்டும் என்று நிமிராமலே நட்டாள். கரையேறினால் அந்த நேரம் பார்த்துக் காரியஸ்தர் வருவார் என்ற பயமும் இருந்தது. அழுகை கொஞ்ச நேரம் நீண்டது. பிறகு நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்ததும் முதுகு இளகியது. அந்த நிம்மதியை அவள் பிறகு எந்தக் காலத்திலும் மறக்கவில்லை.

தண்ணீர் குடிக்கக் கரையேறிய எல்லையம்மாள்தான் முதலில் பார்த்தாள். குழந்தை தூளிக்குள் எழுந்து நின்று கயிற்றைப் பிடித்திருந்தது. சுருக்குப்பை வாய் திறந்து அதன் காலடியில் கிடந்தது. உதடும் நாக்கும் முகவாயும் சிவந்திருந்தன.

"இத பாருங்க தாயி, ஒங்க மவ வெத்தல போட்டுக்கிட்டு மாப்பிள பாக்க நிக்கிறா."

வயல் முழுக்கச் சிரித்தது. ஞானாம்பாளும் சிரித்தாள். சேற்றைக் கழுவிக்கொண்டு போய் முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்து, பாக்குத்தூள் ஏதும் தொண்டையில் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பையைச் சுருக்கி மேலே எடுத்துக் கட்டிவிட்டு மறுபடி இறங்கினாள்.

அவள் ஒரு முடி நாற்றை நட்டு முடிப்பதற்குள் குழந்தை வாந்தி எடுத்தது. பாக்கு சொக்கியிருக்கிறது என்றார்கள் எல்லோரும். பாக்கு சொக்கினால் தண்ணீரில் உப்பைப் போட்டுப் புகட்டுவார்கள். புகட்டினார்கள். அதுவும் வெளியே வந்தது. பிறகு வயிற்றாலும் போனது. ஒருத்தி மோர் வாங்கி வந்தாள். வாந்தியில் சிவப்பு தெரிந்ததை வெற்றிலைச் சிவப்பு என்றே பார்த்தார்கள். பார்க்கும் கண்ணுக்கு முதலில் தோன்றியதுதான் கடைசி வரை தோன்றியது. ஞானாம்பாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். பாலத்துப் பக்கமிருந்து கோஷம் காற்றில் வந்து வந்து போயிற்று.

கஞ்சி வேளை வந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு, மாத்திரைக்காகப் பையைத் திறந்தாள். காகிதம் கசங்கி ஈரமாக இருந்தது. உள்ளே சில மாத்திரைகள் கிடந்தன. சிலவற்றில் சிவப்பு போய் வெள்ளை தெரிந்தது, சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி. வெற்றிலை மடித்தது மடித்தபடி இருந்தது. பாக்கும் அப்படியே இருந்தது.

வாயில் இருந்த கஞ்சியைத் துப்பினாள். பொட்டலத்தை எல்லையம்மாளிடம் காட்டினாள்.

எல்லையம்மாள் பொட்டலத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு வாந்தி நின்றிருந்தது. தாயின் மாரில் வாய் வைத்து இரண்டு மடக்கு குடித்தது. எல்லையம்மாள் நாக்கைத் துருத்திக் காட்டியபோது சிரிக்கவும் செய்தது. சுற்றியிருந்த பெண்களுக்கு உயிர் வந்தது. தின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது என்றாள் ஒருத்தி. சத்து மாத்திரைதானே, விஷமா என்றாள் இன்னொருத்தி. எல்லையம்மாளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"இரும்புதானே தாயி தின்னிருக்கு. பொறந்த புள்ளைக்கே தலமாட்டுல இரும்ப வச்சுத்தானே காவ காக்கறோம். புள்ளைய இரும்பு ஒண்ணும் பண்ணாது."

தூளிக் கயிற்றில் கருக்கரிவாள் தொங்கிக்கொண்டிருந்தது. ஞானாம்பாள் அதைப் பார்த்தாள். அந்த வார்த்தையை நம்ப வேண்டும் என்று இருந்தது. நம்பினால் எல்லாம் நேராகிவிடும். நாற்றுப் பறித்தாகிவிட்டது, பாதி வயல் நட்டாகிவிட்டது, புருஷன் நன்னிலத்தில் நிற்கிறான், காரியஸ்தர் வந்துகொண்டிருப்பார். பிள்ளை சிரிக்கிறது. அவள் பிள்ளையைத் தூளியில் கிடத்தினாள். தன் பையை மட்டும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு இறங்கி நட்டாள். எத்தனை வரிசை நட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நேரத்தில் நட்டது நட்டபடி விட்டுவிட்டுத் தூளிக்கு ஓடினாள்.

பிள்ளை தூங்குவது போலக் கிடந்தது. அவள் கையைத் தூக்கி விட்டாள். கை பொத்தென்று விழுந்தது. உள்ளங்கையில் சிவப்பு இல்லை. நெற்றியில் பிசுபிசுவென்று குளிர்ந்த வேர்வை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தது, ஆனால் திறந்து வைத்திருக்க முடியாமல் மூடியது. அந்த மூடலை அவள் அறிவாள். இத்தனை மாதங்களாக மதியத்தில் அடுப்படியில் சரிந்து கிடக்கும்போது தன் கண் இப்படித்தான் மூடியது. தூக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வயலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பிள்ளையை அள்ளித் தோளில் போட்டபோது வரப்பில் குடை தெரிந்தது. காரியஸ்தர் அமிர்தலிங்கம் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. மிராசுதாரின் உப்பைத் தின்பவர், அதற்குத் தக்கபடி நடப்பவர். வயலைப் பார்த்தார், நடுகிற பெண்களைப் பார்த்தார், சேறு காயாத காலோடு கரையில் நிற்கும் ஞானாம்பாளைப் பார்த்தார். கிளம்பிட்டீங்களா என்று கேட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று எல்லையம்மாள் சொன்னாள்.

"நடவு அன்னிக்கிப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லாமப் போறது எல்லாக் குத்தகைக்காரர் ஊட்லயும் உண்டுதான்" என்றார் அவர். "நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்கம்மா. நான் பாத்ததத்தான் சொல்லணும். போன நேரம் நீங்க வயல்ல இல்ல. அவ்வளவுதான்."

"இல்லன்னே சொல்லுங்க" என்றாள் ஞானாம்பாள்.

வரப்பில் ஏறி நடந்தாள். கொஞ்ச தூரம் வேகமாகப் போனாள். பிறகு மூச்சு மேலே ஏறிக் கீழே இறங்க மறுத்தது. காதுக்குள் இரைச்சல். வரப்பு இரண்டாகத் தெரிந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஒன்றரை வயதுப் பிள்ளையின் கனம் நெல் மூட்டையாக அழுத்தியது. பாலம் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. அந்த இடத்தைப் போய்ச் சேரத் தன் உடம்பில் ரத்தம் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அழுவதற்குக்கூட மூச்சு மிச்சமில்லை.

பின்னால் சேற்றுக் காலோடு ஓடிவரும் சத்தம் கேட்டது. எல்லையம்மாள். ஞானாம்பாள் அவளை எப்போதும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எல்லையம்மாள் அந்தப் பிள்ளையை அதுவரை தூக்கியதில்லை. தூக்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

"அக்கா, தூக்கிக்க" என்றாள் ஞானாம்பாள்.

எல்லையம்மாள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவளையும் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

துணை சுகாதார நிலையம் பாலத்தின் இந்தப் பக்கத்து முனையில் இருந்தது. ஹபீபுன்னிசா பிள்ளையின் கண்ணைத் திறந்து பார்த்தாள். பொட்டலத்தை வாங்கி, மிஞ்சியவற்றை மேசையில் கொட்டி எண்ணினாள். எண்ணிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எப்போது தின்றது, எப்போது வாந்தி நின்றது என்று கேட்டாள். நின்ற பிறகு சிரித்தது, பால் குடித்தது என்று எல்லையம்மாள் சொன்னாள்.

"அதுதான் ஏமாத்துறது" என்றாள் நர்ஸ். குரல் இறங்கிப்போயிருந்தது. "இதுக்கு மருந்து என்னன்னு எனக்குத் தெரியாதும்மா. ட்ரெய்னிங்ல ஒண்ணு சொன்னாங்க. வாந்தி நின்னு புள்ள தெளிஞ்ச மாதிரி இருக்கும், அத நம்பாதீங்கன்னு. என்கிட்ட ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க நின்னு பேசறது வீண்." அவள் பொட்டலத்தை மடித்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

பேருந்து வெறுமனே நின்றது. ஓட்டுநர் நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பாலத்தின் நீளத்துக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கரையில் போலீஸ் வண்டி. மறியலை நடத்திக்கொண்டிருந்தவன் காயாரோகணம், எல்லையம்மாளின் கூடப்பிறந்த தம்பி. வண்டியை விடச் சொன்னதும் அவன் முகம் இறுகியது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய மாத மறியலின்போது பிரசவ வலி என்று சொல்லி ஒரு வண்டியைப் பாலம் தாண்ட விட்டார்கள். உள்ளே இருந்தது பண்ணையில் நடவுக்கென்று கூட்டிவந்த வெளியூர் ஆட்கள். அன்றைக்கே பண்ணை வயல் நட்டு முடிந்துவிட்டது. அதன் பிறகு சங்கத்தில் ஒருவரையொருவர் நம்புவதே கஷ்டமாயிற்று.

"அக்கா, ஒன்னும் தெரியாம வந்து நிக்காத. இன்னிக்கு ஒரு வண்டி போச்சுன்னா நாளைக்கு நம்மள ஒருத்தன் மதிக்க மாட்டான். இவங்க யாரு? அந்த மிராசு நெலத்துல குத்தகை பண்றவங்கதானே."

எல்லையம்மாள் பிள்ளையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏண்டா, இந்தப் புள்ளையா நாளைக்குப் போயி பண்ணையில நாத்து நடப் போவுது? தொட்டுப் பாரு. தொட்டுப் பாத்துட்டு ஒக்காரு."

காயாரோகணம் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான். ஞானாம்பாள் பாலத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய வெளுத்த உதட்டையும், முழங்கால் வரை காய்ந்திருந்த சேற்றையும் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டியில் ஓட்டுநரும் நர்ஸும் தாயும் பிள்ளையும் தவிர யாரும் இருக்கக் கூடாது என்று காயாரோகணம் சொன்னான். தானே ஏறி இருக்கைகளின் அடி வரை குனிந்து பார்த்துவிட்டு இறங்கினான். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, துண்டை உதறி, ஓரத்தில் ஒதுங்கினார்கள். பேருந்து அவர்களுக்கு நடுவில் ஊர்ந்து போயிற்று. எல்லையம்மாள் ஏறவில்லை. மிச்ச நடவு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

பேருந்தில் பிள்ளைக்கு மறுபடி வாந்தி வந்தது. இந்த முறை காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தது. அதற்கப்புறம் கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. ஞானாம்பாள் பிள்ளையின் காதில் பேர் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஹபீபுன்னிசா ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநரை நிறுத்தாமல் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை அவள் உதடு அசைந்து ஓதியது. ஒரு மாச மாத்திரையை மொத்தமாகக் கொடுத்திருக்கக் கூடாது என்று யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள். நீங்கள் சொன்னீர்கள், நான்தான் மறந்தேன் என்று ஞானாம்பாள் சொல்லியிருக்கலாம். அதற்கு அவளுக்கு மனசு இருந்தது, மூச்சு இல்லை.

கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது எத்தனை மாத்திரை என்பதைத்தான். நர்ஸ் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். கேள்விக்குப் பதில் உடனே கிடைத்தது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். நரம்பு அகப்படாமல் கணுக்காலில் கீறி மருந்து ஏற்றினார்கள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் இதற்கான ஊசி இருக்கிறதா என்று தொலைபேசியில் விசாரித்து, இருக்கிறது என்றதும் ஆஸ்பத்திரி வண்டியிலேயே அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டர் ஞானாம்பாளைக் கூப்பிட்டு, இரும்பு ஈரலில் போய் உட்காராமல் இருந்தால் பிழைக்கும், இன்றைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் மயங்கி விழுந்தாள். அவளையும் ஒரு கட்டிலில் கிடத்தினார்கள்.

வைரக்கண்ணு மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். விசாரணை என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. ஏன் கரையேறினாய் என்று அவனும் கேட்கவில்லை. பிள்ளையின் சிறுநீர் செங்கல் கரைத்த மாதிரி இருப்பதைக் காட்டி, மருந்து வேலை செய்கிறது என்று ஆயா சொன்னாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கமலவல்லி பிழைத்தாள். ஐப்பசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கார்த்திகையில் குடித்த பாலெல்லாம் திரும்பி வரத் தொடங்கியது. மாத்திரை அரித்த இடம் ஆறும்போது இரைப்பையின் வாய் சுருங்கிவிட்டது என்று சொல்லித் தஞ்சாவூரில் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். அதன் பிறகு சோறு தங்கியது.

பதிவு மனு தை மாதம் தள்ளுபடியானது. எல்லையம்மாள் நன்னிலம் போய் அவர்களுக்காகச் சாட்சி சொல்லியிருந்தாள். காரியஸ்தரும் தான் பார்த்ததைச் சொல்லியிருந்தார். அடுத்த சாகுபடிக்கு அந்த வயல் வேறு ஆளுக்குப் போயிற்று. வைரக்கண்ணுவும் ஞானாம்பாளும் கூலிக்கு நடவுக்குப் போனார்கள்.

ஞானாம்பாள் மாத்திரையை நிறுத்தவில்லை. ஹபீபுன்னிசா அதன் பிறகு யாருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்கவில்லை.